நாலு கிராம் கோடு: வலி மாத்திரையில் நாம் தவறவிடும் கணக்கு

காய்ச்சலுக்குக் காலை, மதியம், இரவு என மூன்று டோலோ 650. மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர் போன மாதம் எழுதிக்கொடுத்த மாத்திரை காலையும் இரவும். மூக்கு ஒழுகுகிறதே என்று மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரை மூன்று வேளை. பார்த்தால் எல்லாமே ஒழுங்கு. ஒவ்வொரு மாத்திரையும் அதனதன் அளவில்தான் உள்ளே போயிருக்கிறது. ஒரே வேளையில் கைநிறைய அள்ளி விழுங்கியவர் யாரும் இல்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று 650 என்றால் 1,950 மில்லிகிராம் பாராசிட்டமால். மூட்டு வலி மாத்திரை பெரும்பாலும் அசிக்ளோஃபினாக்குடன் 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்தது, இரண்டுக்கு 650. சளி மாத்திரையில் 500 வீதம் மூன்றுக்கு 1,500. ஆக 4,100 மி.கி. ஆரோக்கியமான, போதிய எடையுள்ள ஒருவருக்கு 24 மணி நேரத்தில் தாண்டக் கூடாத கோடு 4,000 மி.கி., அதாவது நாலு கிராம். சாயங்காலம் தலை இடித்ததால் ஒரு சாரிடான் போட்டிருந்தால் அதில் இன்னும் 250.

எட்டு மாத்திரை, மூன்று அட்டை, மூன்று பெயர். சரக்கு ஒன்றே. இதை வீட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை. டாக்டரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால்கூட நாம் 'காய்ச்சல் மாத்திரை மட்டும்தான் சார்' என்போம். மூட்டு வலிக்கும் சளிக்கும் சாப்பிடுவது வேறு என்று மனதார நம்புகிறோம்.

அமெரிக்காவில் பணியாற்றும் தமிழ் மருத்துவர், யூடியூபில் 'டாக்டர் பால்' என்று அறியப்படும் பழனியப்பன் மாணிக்கம், இந்தியர்கள் டோலோ 650-ஐ ஜெம்ஸ் மிட்டாய் போலச் சாப்பிடுகிறார்கள் என்று 2025 ஏப்ரலில் ஒரு வரி எழுதினார். நாடே சிரித்தது. கொரோனா காலத்தில் தொடங்கிய டோலோ நகைச்சுவைகளின் தொடர்ச்சி அது. ஆனால், சிரிப்புக்கு நடுவே தப்பான பாடமும் பரவியது: இந்த மாத்திரையே விஷம் என்று பலர் புரிந்துகொண்டார்கள். பாராசிட்டமால் விஷம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. கர்ப்பிணிக்கும், கைக்குழந்தைக்கும், டெங்கு நோயாளிக்கும் மருத்துவர் முதலில் கைநீட்டுவது இதற்குத்தான். பலன் தரும் அளவுக்கும் பாதிக்கும் அளவுக்கும் இடையிலான இடைவெளி குறுகலானது என்பதே இதன் சிக்கல். வேறெந்த மருந்தாக இருந்தாலும் இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ளதைப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

கல்லீரலுக்குள் நடப்பது

விழுங்கிய பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தொல்லையில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் வேறு பாதையில் போய் 'நாப்கி' என்ற நச்சுப் பொருளாகிறது. அதைப் பிடித்து முடக்க கல்லீரலிடம் குளூட்டதயோன் என்ற கையிருப்பு இருக்கிறது. சரியான அளவில் சாப்பிட்டால் கையிருப்பு தாராளமாகப் போதும். அளவு கூடினால் முதல் பாதை நிரம்பி வழிந்து, இரண்டாவது பாதையில் கூட்டம் சேரும். குளூட்டதயோன் தீர்ந்ததும் நாப்கி கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்கும். 1973-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவிழ்த்த முடிச்சு இது.

கையிருப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. தினமும் குடிப்பவருக்கு நச்சை உண்டாக்கும் பாதை அகலமாகவும் கையிருப்பு குறைவாகவும் இருக்கும். பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கும் கையிருப்பு வற்றும். நம் வீடுகளில் காய்ச்சல் என்றாலே பட்டினி போடும் பழக்கம் உண்டு. 'லங்கணம் பரம ஔஷதம்' என்பார்கள். இரண்டு நாள் கஞ்சித்தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் உச்ச அளவில் போடுவது கல்லீரலை இரண்டு பக்கமும் நெருக்குவதாகும். காய்ச்சலில் கஞ்சியாவது ரசம் சாதமாவது வயிற்றுக்குள் போக வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினசரி குடிப்பவர்கள், மெலிந்துபோனவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள்.

எடையும் கணக்கில் உண்டு. அட்டையில் 'பெரியவர்களுக்கு' என்று போட்டிருப்பது ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர்களை மனதில் வைத்து. நம் ஊரில் ஐம்பதைத் தொடாத அம்மாக்களும் பாட்டிகளும் எத்தனை பேர்! ரத்தக் குழாய் வழியே ஏற்றும் பாராசிட்டமாலுக்கு பிரிட்டனில், ஐம்பது கிலோ வரையிலானவர்களுக்கு, கிலோவுக்கு ஒரு நாளில் 60 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே பிடித்தால் 42 கிலோ பாட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டரை கிராம். நான்கு 650 மாத்திரையே அதைத் தாண்டிவிடும். அவருக்கு 500-தான் பொருத்தம், அதிலும் இடைவெளி விட்டு. மெலிந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நாலு கிராம் என்பது ஏதோ பாதுகாப்பான சமவெளி என்று எண்ண வேண்டாம், அது விளிம்பு. 2006-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 145 ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் பிரித்து, சில குழுக்களுக்கு நாளொன்றுக்கு நாலு கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டவே இல்லை. அப்படியும் மருந்து எடுத்த குழுக்களில் 31 முதல் 44 சதவீதம் பேருக்குக் கல்லீரல் நொதி, இயல்பின் மேல் வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் ஏறவில்லை. மருந்தை நிறுத்தியதும் இறங்கிவிட்டது, யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் சேதி தெளிவு: ஓரிரு நாள் காய்ச்சலுக்கு நாலு கிராம் வரை போகலாம், வாரக்கணக்கில் அங்கேயே குடியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் பாராசிட்டமாலை 'டைலினால்' என்ற பெயரில் விற்கும் நிறுவனமே தன் 500 மி.கி. மாத்திரைக்கான தினசரி உச்சத்தை 2011-இல் மூன்று கிராமாகக் குறைத்துக்கொண்டது.

எடின்பரோ சொன்ன மூன்று பாடங்கள்

பாராசிட்டமாலின் கதையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் பிரிட்டன் சந்தைக்கு வந்த இந்த மாத்திரை, ஆஸ்பிரினைப் போல வயிற்றைப் புண்ணாக்காத சாதுவான மருந்து என்று பெயரெடுத்தது. பத்தாண்டு கழித்து, 1966-இல், அளவு மீறினால் கல்லீரல் கருகும் என்று உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் எடின்பரோ மருத்துவர்களான டேவிட்சனும் ஈஸ்ட்வுட்டும். அதற்கான மாற்று மருந்தை 1970-களில் ரத்தத்தில் ஏற்றிக் காட்டியவர் லாரன்ஸ் பிரெஸ்காட். அவரும் அதே ஊர்தான். என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற அந்த மருந்து நெஞ்சுச் சளியை இளக்கவும் பயன்படுவது. கல்லீரல் இழந்த குளூட்டதயோனை அது மீட்டுத் தருகிறது. அதிக அளவு உள்ளே போன எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பிக்கிறது.

மூன்றாவது பாடம்தான் நமக்கு நெருக்கமானது. அங்குள்ள கல்லீரல் மாற்று மையத்துக்கு 1992 முதல் 2008 வரை பாராசிட்டமாலால் கல்லீரல் கடுமையாகக் கெட்டு வந்த 663 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 161 பேர் ஒரே நேரத்தில் விழுங்கியவர்கள் அல்லர். பல வேளைகளாக, பல நாள்களாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகச் சாப்பிட்டு வந்தவர்கள். ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம், வலி. பல் வலி, தலைவலி, முதுகு வலி, வயிற்று வலி. ஒரேயடியாக விழுங்கியவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் இறந்திருக்க, இப்படித் துளித்துளியாகச் சாப்பிட்டவர்களில் சுமார் 37 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஆபத்து என்று தெரியாததால் அவர்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தார்கள். ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்த்தாலும் அது குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

பல் வலி இந்தப் பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. பல் டாக்டரிடம் போகப் பயந்து பத்து நாள் மாத்திரையில் ஓட்டுகிறவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

அமெரிக்கப் பதிவுகளும் இதையே சொல்கின்றன. 1998 முதல் 2003 வரை 22 மையங்களில் திடீர் கல்லீரல் செயலிழப்போடு வந்த 662 பேரில் 275 பேருக்குக் காரணம் பாராசிட்டமால். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தெரியாமல் அளவு மீறியவர்கள். அப்படி மீறியவர்களில் 38 சதவீதம் பேர் ஒரே நேரத்தில் பாராசிட்டமால் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைச் சாப்பிட்டிருந்தார்கள். மேலே நாம் கூட்டிய கணக்கு அங்கே நோயாளிகளின் கேஸ் தாளிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் 325 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் உத்தரவிட்டது. இந்தியாவும் வலி மாத்திரைக் கூட்டுகளில் அந்த வழியையே பின்பற்றியது. சளி மாத்திரைகள் பலவற்றில் மட்டும் 500 இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் திடீர் கல்லீரல் செயலிழப்பு என்றால் மஞ்சள் காமாலை வைரஸ்களும் காசநோய் மருந்துகளும்தான் முன்னால் நிற்கின்றன. பாராசிட்டமால் அமெரிக்கா அளவுக்கு இல்லை. அதற்காக நிம்மதிப்பட முடியாது. மஞ்சள் காமாலை தொடங்கும்போதும் முதலில் வருவது காய்ச்சலும் உடம்பு வலியும்தான். கல்லீரல் ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் அந்த வாரத்தில்தான் நாம் மாத்திரையைக் கூட்டுகிறோம்.

'ரெண்டு வேளைக்குக் குடுங்க'

இனி நம் மருந்துக்கடைக்கு வருவோம். 'உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க' என்றால் போதும். கத்தரிக்கோல் எடுத்து நான்கு அட்டைகளிலிருந்து இரண்டிரண்டாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 'செட்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதித் தேதி இல்லை, எச்சரிக்கை இல்லை. அதில் காய்ச்சல் மாத்திரை எது, வலி மாத்திரை எது, இரண்டிலும் பாராசிட்டமால் உண்டா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. கல்லீரல் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை முழு அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் எச்சரிக்கை அச்சிட்ட அட்டையைப் பார்ப்பது அரிது. சிகரெட் பெட்டிக்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கை இதற்குக் காட்டினால் என்ன என்று அரசிடம் கேட்கத்தான் வேண்டும்.

சட்டத்தின் நிலையும் விசித்திரம். 'டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம்' என்று தனி மருந்து வகையே இந்தியச் சட்டத்தில் கிடையாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் பாராசிட்டமாலையும் ஆஸ்பிரினையும் உரிமம் இல்லாத கடைகூட விற்கலாம். மறுபுறம், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நிமெசுலைடு போன்றவை 'ஷெட்யூல் எச்' பட்டியலில் உள்ளவை. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. தாளில் இருக்கும் விதி இது. கடையில் நடப்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் டைக்ளோஃபினாக் மாத்திரை முன்பு மருந்தகங்களில் சீட்டில்லாமல் கிடைத்தது. இதயத்துக்கு ஏற்படும் ஆபத்தைக் கருதி 2015 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். அதே பிரிட்டன் 1998-இலேயே பாராசிட்டமால் பெட்டிகளையும் சிறிதாக்கியது: சாதாரணக் கடையில் 16 மாத்திரை, மருந்தகத்தில் 32. அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமால் சாவுகள் 43 சதவீதம் குறைந்ததாக 2013-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தியாவும் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-இல் தடை செய்யப்பட்டது. 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகள் தடைக்குள்ளாயின; அசிக்ளோஃபினாக் 50 மி.கி.யும் பாராசிட்டமால் 125 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை அதில் ஒன்று. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கேட்டு வாங்கும் மெஃபனமிக் அமிலம் பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது: அரிதாக, உடல் முழுதும் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும் சேர்ந்த கடும் ஒவ்வாமை வரலாம். மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் அப்படி ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு குடும்பங்கள்

'வலி மாத்திரை' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் உண்மையில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று பாராசிட்டமால், அதன் ஆபத்து கல்லீரலில். மற்றொன்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை அடங்கிய வீக்கம் குறைக்கும் குடும்பம். இதன் ஆபத்து இரைப்பை, சிறுநீரகம், இதயம் ஆகிய மூன்றிலும். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் இவை வலியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். ஒன்றை நிறுத்தினால் எல்லாம் நிற்கும்.

மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடும் இபுப்ரோஃபெனுக்குப் பெரியவர்களுக்கான எல்லை ஒரு நாளைக்கு 1,200 மி.கி. இபுப்ரோஃபென் 400-உம் பாராசிட்டமால் 325-உம் சேர்ந்த காம்பிஃப்ளாம் போன்ற மாத்திரை என்றால் நாளொன்றுக்கு மூன்று, அதோடு சரி. 'பாராசிட்டமால் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லையே' என்று நாலாவதைப் போடக் கூடாது. அங்கே வரம்பை வைப்பது இபுப்ரோஃபென். இந்தக் குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே. டைக்ளோஃபினாக் வேலை செய்யவில்லை என்று மேலே இபுப்ரோஃபென் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, ஆபத்து மட்டும் கூடும்.

இதைச் சுற்றி நம்மிடம் இரண்டு நம்பிக்கைகள் ஊறிக்கிடக்கின்றன. முதலாவது, கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் எதுவும் ஆகாது என்பது. பான்டோப்ரசோல் இரைப்பையை ஓரளவு காக்கும். சிறுநீரகத்தையோ இதயத்தையோ அது காப்பதில்லை. இரண்டாவது, ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் போகாது, புண் வராது என்பது. மருந்து ரத்தத்தில் கலந்துதான் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிறது. வாய் வழியே போனாலும் இடுப்பு வழியே போனாலும் இரைப்பைக்கு அதே கதிதான்.

ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். பெயர் 'சார்டான்' என்றோ 'பிரில்' என்றோ முடிந்தால் (டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில்), அதோடு நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால், இந்த இரண்டாவது குடும்பத்தைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரே நாளில் திணறடிக்கலாம். வெயிலில் நாள் முழுக்க நின்று வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இரவில் ஒரு டைக்ளோஃபினாக்கோடு படுக்கும் கட்டடத் தொழிலாளிக்கும், களையெடுத்துவிட்டு வரும் அம்மாவுக்கும் இதே ஆபத்து உண்டு. வாந்தி, பேதி உள்ள நாள்களிலும் அப்படியே. இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவர்கள் இபுப்ரோஃபெனையும் சேர்த்தால், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இலேயே இதைச் சொல்லியிருக்கிறது.

டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு மனிதரல்லாத ஒரு சாட்சியும் உண்டு: பாறுக் கழுகுகள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கோடிக்கணக்கில் இருந்த பறவை அழிவின் விளிம்புக்குப் போயிருந்தது. கால்நடைகளுக்கு அது 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015-இல் குப்பியின் அளவை மூன்று மில்லியாகக் குறைத்தது மத்திய அரசு. மருந்து நிறுவனங்கள் வழக்காட, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதிசெய்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று பறக்கும் கொஞ்சம் பாறுகள் அப்படித் தப்பியவை. பறவைக்கு உள்ள சிறுநீரகம் வேறு, நம்முடையது வேறு என்பது உண்மைதான். என்றாலும் பறவைக்காகக் குப்பியைச் சுருக்கிய நாட்டில், மனிதர்களுக்கு அதே மருந்து கேட்டவுடன் கிடைக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு கண்டிப்பு

வடகிழக்குப் பருவமழையோடு தமிழ்நாட்டுக்கு டெங்குவும் வரும். காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாள்களில் அது டெங்குவா, சாதாரண வைரஸா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், மெஃபனமிக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். தட்டணுக்கள் குறைந்திருக்கும் உடலில் இவை ரத்தக்கசிவைத் தூண்டும். 'மாத்திரை கேக்கல, ஒரு ஊசி போட்டு விடுங்க' என்று கிளினிக்கில் வற்புறுத்தி டைக்ளோஃபினாக் ஊசி வாங்கிக்கொள்வதுதான் டெங்குக் காலத்தின் பெரிய முட்டாள்தனம். பாராசிட்டமாலும் அளவோடுதான், டெங்குவில் கல்லீரல் ஏற்கெனவே வீங்கியிருக்கும். காய்ச்சல் முழுதாக இறங்க வேண்டும் என்பதல்ல இலக்கு, ஆள் தெம்பாக நீர் குடிக்க வேண்டும் என்பதே.

குழந்தைகள் விஷயத்தில் பிசகு நடப்பது சிரப்பில். பாராசிட்டமால் குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஆனால் கடையில் 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு முதல் சிரப்பில் 5 மில்லி சரி. அதே 5 மில்லியை 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் இருமடங்கு. சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் நான்கு மடங்கு. போன தடவை வாங்கிய பாட்டில் தீர்ந்து, கடைக்காரர் வேறு கம்பெனி பாட்டில் கொடுக்கும்போது 'அதே அஞ்சு மில்லி' தொடர்வதில்தான் ஆபத்து. அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தால் 2011-இல் உற்பத்தியாளர்களே கைக்குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் ஒரே அடர்த்தியில் திரவத்தைத் தர ஒப்புக்கொண்டார்கள். இங்கே அந்த நாள் வரும்வரை மருந்துச் சீட்டில் மில்லியோடு சேர்த்து மில்லிகிராமையும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோ போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய்க்கு அது வழி செய்யும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. பாராசிட்டமாலால் ஆட்டிசம் வரும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு பரப்பிய பயம் வாட்ஸ்அப் வழியே நம் ஊர் வரை வந்தது. உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே மறுத்தது. ஸ்வீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது தொடர்பு எதையும் காணவில்லை. தேவைக்கு, குறைந்த அளவில், மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் சாப்பிடலாம். தவிர்க்க வேண்டியது மற்றக் குடும்பத்தைத்தான்; குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு.

அப்படியானால் எப்படிச் சாப்பிடுவது

'மூன்று வேளை' என்று நாம் சொல்வது சாப்பாட்டு நேரத்தை வைத்து. மாத்திரைக்குத் தெரிந்தது மணி மட்டும். 500 என்றாலும் 650 என்றாலும் இரண்டு மாத்திரைகளுக்கு இடையே நான்கு மணி நேரமாவது வேண்டும், ஆறு மணி நேரம் நல்லது. பாராசிட்டமால் வேலை செய்யவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்; பத்து நிமிடத்தில் குறையவில்லை என்று அடுத்ததை எடுப்பது வீண். போதிய எடையுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 500 என்றால் எட்டு, 650 என்றால் ஆறு என்பது வானளாவிய உச்சம். சாதாரணக் காய்ச்சலுக்கு மூன்று, நான்குக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். 650-க்கு 'பவர் ஜாஸ்தி' என்று அதையே கேட்டு வாங்குகிறோம். பெரும்பாலானவர்களுக்கு 500-ஏ போதும். பாராசிட்டமாலை வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம்; இபுப்ரோஃபென் குடும்பத்துக்குத்தான் சாப்பாடு வேண்டும். மூன்று நாளில் காய்ச்சல் விடவில்லை என்றாலோ, வலி ஒரு வாரத்தைத் தாண்டினாலோ மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தலைவலிக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ கூட்டு மாத்திரை, இப்படி மூன்று மாதம் போனால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் அதற்கென்று ஓர் இடமே இருக்கிறது. காலையில் எழும்போதே தலை கனத்து, மாத்திரைக்குக் கை போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது மாத்திரையைத்தான்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பெட்டியில் டோலோ கொண்டுபோகிறார்கள். அங்கே மருமகள் டைலினால் நீட்டுகிறாள். அதில் 'அசிட்டமினோஃபென்' என்று போட்டிருக்கும். அதுவும் இதேதான். இலங்கையில் பனடோல், இங்கே குரோசின், கால்பால், டோலோ: எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாலு கிராம்.

அளவு மீறிவிட்டதாகத் தெரிந்தால், அது தெரியாமல் நடந்ததோ தெரிந்து நடந்ததோ, அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் நாள் குமட்டல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இரண்டாம் நாள் ஆள் தேறிவிட்டது போலத் தோன்றும். கல்லீரல் விழுவது மூன்றாம், நான்காம் நாளில். மாற்று மருந்துக்கு உரிய நேரம் அதற்குள் கடந்துபோயிருக்கும். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மனம் உடைந்து தவறான எண்ணம் வருகிறவர்கள் 104-இல் பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் வெற்று அட்டைகளையும், வெட்டித் தந்த துண்டுகளையும், சளி மாத்திரை, மூட்டு வலி மாத்திரை உள்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த நேரத்தில் எத்தனை சாப்பிட்டது என்பதையும் எழுதிக் கொடுங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.